சென்ட்ரோசோம் இல்லாமலே ஸ்பிண்டில் வருதுன்னா, அதை யாரு கட்டறது?

நெட்_இன்னொருமுறை:
எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி முடிச்சிட்டு சிஎஸ்ஐஆர் நெட்டுக்கு படிச்சிட்டு இருக்கேன், செல் பயாலஜி யூனிட்ல ஒரு இடத்துல நின்னு போச்சு, நகரவே மாட்டேங்குது. பிளஸ் டூ-ல இருந்து நமக்கு சொன்னது என்ன, செல் பிரியறப்போ சென்ட்ரியோல் (சென்ட்ரோசோமோட உள்பகுதி) ரெண்டா பிரிஞ்சு ஆளுக்கு ஒரு துருவத்துக்கு போகும், அங்கிருந்து ஸ்பிண்டில் நார் கிளம்பி வந்து குரோமோசோமை பிடிக்கும், இழுக்கும், முடிஞ்சுது கதை. ஆனா அதே பிளஸ் டூ பிராக்டிகல்ல தான் வெங்காய வேர் நுனியை அசிட்டோகார்மைன்ல போட்டு, கவர்ஸ்லிப் மேல கட்டைவிரலை வெச்சு நசுக்கி, மெட்டாஃபேஸ் (குரோமோசோம் நடுவுல வரிசையா நிக்கறது), அனாஃபேஸ் (ரெண்டு பக்கமா பிரிஞ்சு போறது) எல்லாம் பார்த்து ரெக்கார்டுல வரைஞ்சோம். வெங்காயத்துக்கு சென்ட்ரியோலே கிடையாதே! அப்போ அங்க நார் எங்கிருந்து கிளம்புச்சு? கிளாஸ்ல ஒருத்தரும் கேக்கல.

இப்போ ரிவ்யூ ஆர்ட்டிகிள் எடுத்தா ரான், டிபிஎக்ஸ்2, ஆக்மின், ஈஜி5, நியூமா, அரோரா ஏ, அரோரா பி, மேட்2ன்னு புரோட்டீன் பேரா வருது, மனப்பாடம் பண்ணிட்டேன், ஆனா யாரு எப்போ என்ன பண்றாங்கன்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்ட மாட்டேங்குது. சென்ட்ரோசோம் இல்லாதப்போ மைக்ரோடியூபியூலுக்கு (அதான் ஸ்பிண்டில் நாரு) 'இங்க முளை'ன்னு சொல்றது யாரு, துருவம் ஏன் கரெக்டா ரெண்டு மட்டும் வருது, எல்லாம் ரெடின்னு கடைசியில யாரு பாக்கறாங்க? தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க ப்ளீஸ். விக்கி லிங்க் வேண்டாம், படிச்சாச்சு.

தவளைமுட்டை:
வெங்காயத்தை பிடிச்ச பாரு, அங்கதான் விஷயமே இருக்கு. குரோமோசோம் சும்மா யாராவது வந்து இழுக்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்கற ஆள் இல்ல. ஸ்பிண்டில் எங்க வரணும்னு சொல்றதே பெரும்பாலும் அதுதான்.

1996ல ரெபெக்கா ஹீல்டும் கூட இருந்தவங்களும் ஜெர்மனியில ஹைடெல்பர்க் ஈஎம்பிஎல்-ல ஒரு எக்ஸ்பெரிமெண்ட் பண்ணாங்க. ஸெனோபஸ் தவளையோட முட்டையை சென்ட்ரிஃப்யூஜ்ல போட்டு நசுக்கினா கொழுப்பு மேல போயிடும், மஞ்சக்கரு அடியில போயிடும், நடுவுல தேன் கலர்ல சைட்டோபிளாசம் ஒரு லேயரா நிக்கும், ஊசியை சைடுல குத்தி அதை மட்டும் உறிஞ்சிக்கலாம். (என் பிஎச்டி முழுக்க இதுதான். தவளைக்கு மூடு சரியில்லன்னா முட்டை சரியில்ல, முட்டை சரியில்லன்னா அந்த வாரமே போச்சு.) அது செல் கிடையாது, ஆனா செல் பிரியறப்போ உள்ள நடக்கறதுல பாதி அந்த டியூப்லயே நடக்கும். அதுக்குள்ள ஹீல்ட் டீம் போட்டது காந்த மணிகள், மேல வெறும் பிளாஸ்மிட் டிஎன்ஏ ஒட்டினது, அவ்ளோதான். சென்ட்ரோசோம் இல்ல. சென்ட்ரோமியர் (குரோமோசோமோட இடுப்பு) இல்ல, அதனால அது மேல உக்காந்து நாரைப் பிடிக்கற கைனட்டோகோரும் இல்ல. முட்டை சாறுல இருந்த ஹிஸ்டோன் டிஎன்ஏ மேல ஏறி குரோமாட்டின் ஆச்சு, அதை சுத்தி மைக்ரோடியூபியூல் முளைச்சுது, முதல்ல கன்னாபின்னான்னு இருந்தது அப்புறம் தானா வரிசைப்பட்டு ரெண்டு பக்கம் கூம்பின ஸ்பிண்டில் ஆயிடுச்சு. உன் வெங்காயக் கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

சரி, குரோமாட்டின் எப்படி சொல்லுது? அதுக்கு தான் ரான். 1999ல பல லேப் ஒரே சமயத்துல இதைக் கண்டுபிடிச்சாங்க. ரான் ஒரு சின்ன புரோட்டீன், அதுக்கு ஆன் ஆஃப்னு ரெண்டு நிலை. ஆன் பண்ற ஆர்சிசி1 குரோமாட்டின் மேலயே உக்காந்திருக்கு. ஆஃப் பண்ண வைக்கற ரான்கேப் சைட்டோபிளாசம் பூரா சுத்திட்டு இருக்கு. அதனால குரோமோசோம் பக்கத்துல ஆன் ரான் ஜாஸ்தி, தள்ளிப் போகப் போக கம்மி. 2002ல ஃப்ளூரசென்ட் சென்சார் வெச்சு இந்த கிரேடியண்ட்டை நேர்லயே படம் பிடிச்சிட்டாங்க.

இப்போ டிபிஎக்ஸ்2க்கு வா. இன்டர்ஃபேஸ்ல (செல் பிரியாத நேரம்) அது நியூக்கிளியஸுக்குள்ள இருக்கும். நியூக்கிளியர் என்வலப் (நியூக்கிளியஸோட சுவர்) உடைஞ்சதும் வெளிய வந்துடும், வெளிய இம்போர்ட்டின் அதைப் பிடிச்சுக்கும், பிடியில இருக்கற வரை அதால ஒண்ணும் பண்ண முடியாது. குரோமோசோம் பக்கத்துல மட்டும் ஆன் ரான் வந்து இம்போர்ட்டினை பிடிக்கறதால டிபிஎக்ஸ்2 விடுபடும். விடுபட்டதும் மைக்ரோடியூபியூல் முளைக்க வைக்கும், அரோரா ஏ கைனேஸோட (கைனேஸ்னா மத்த புரோட்டீன்ல பாஸ்பேட் போடற என்சைம்) ஒட்டி அதையும் முடுக்கி விடும். நியூமாவும் இதே மாதிரி விடுபடற பார்ட்டி தான். கவனிச்சியா, இன்டர்ஃபேஸ்ல நியூக்கிளியஸுக்குள்ள புரோட்டீன் ஏத்தி விடறதுக்கு இருக்கற அதே ரான், அதே இம்போர்ட்டின்! செல் புதுசா எதுவும் செய்யல, இருக்கறதையே சுவர் இடிஞ்ச பிறகு வேற வேலைக்கு வெச்சுக்குது. எனக்கு இதுல இன்னிக்கும் ஆச்சரியம் தீரல.

முளைக்கறதுக்கு அச்சு வேணும், அது காமா டியூபியூலின் வளையம். அதைக் கொண்டு போய் ஏற்கனவே இருக்கற மைக்ரோடியூபியூலோட பக்கவாட்டுல ஒட்ட வைக்கறது ஆக்மின், எட்டு சப்யூனிட் சேர்ந்த காம்ப்ளெக்ஸ். அதுல இருந்து கிளை முளைக்கும், அந்தக் கிளையும் தாய் போற திசையிலயே சின்ன கோணத்துல போகும். அதனால நார் எண்ணிக்கை மடமடன்னு ஏறும், ஆனா திசை கலையாது. ஆக்மினை எடுத்துட்டா ஸ்பிண்டில் சோனியா நிக்கும்.

நெட்_இன்னொருமுறை:
அக்கா, ரொம்ப நன்றி, ரான் இப்போ தான் உறைச்சுது. இவ்ளோ நாள் ரான்னா நியூக்கிளியர் டிரான்ஸ்போர்ட் சாப்டர், டிபிஎக்ஸ்2ன்னா மைட்டாசிஸ் (செல் பிரியறது) சாப்டர்னு தனித்தனியா படிச்சிட்டு இருந்தேன். ஆனா குரோமோசோமை சுத்தி முளைச்சா அது நாலாபுறமும் தானே முளைக்கணும்? ரெண்டு துருவம்னு யாரு சொன்னாங்க?

கோவை_லேப்மேட்:
யாரும் சொல்லல, மோட்டார் புரோட்டீன் தள்ளித் தள்ளி அப்படி ஆயிடுது.

ஈஜி5ன்னு ஒரு கைனசின், கைனசின்-5 குடும்பம். சாதாரண கைனசினுக்கு ஒரு முனையில ரெண்டு தலை. இதுக்கு நாலு, ஒரு முனைக்கு ரெண்டு வீதம். ஒரு முனை ஒரு மைக்ரோடியூபியூலை பிடிக்கும், இன்னொரு முனை எதிர்திசையில ஓடற இன்னொண்ணை பிடிக்கும், ரெண்டுலயும் பிளஸ் முனையை (வேகமா வளர்ற முனை, எதிர் முனை மைனஸ்) பார்த்து நடக்கும். ஒரு பேப்பர்ல ரெண்டு கோடு எதிரெதிரா போட்டு நடக்க விட்டுப் பாருங்க, மைனஸ் முனை ரெண்டும் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகிப் போகும். அந்த விலகிப் போற முனைகளை கொத்தா சேர்த்துக் கட்டறது டைனீன்ங்கற இன்னொரு மோட்டாரும் நியூமாவும், கூட கைனசின்-14 குடும்பம். நீளவாக்குல தள்ளறவன் ஒருத்தன், முனையை கூம்ப வைக்கறவன் இன்னொருத்தன், ரெண்டும் சேர்ந்தா ரெண்டு துருவம்.

நிரூபணம் வேணும்னா மோனாஸ்ட்ரால். 1999ல டிம் மிச்சிசன், தாமஸ் மேயர் எல்லாம் சேர்ந்து போட்ட பேப்பர். டியூபியூலினை (மைக்ரோடியூபியூலை கட்டற செங்கல்) தொடாம ஈஜி5ஐ மட்டும் தடுக்கற சின்ன மூலக்கூறு. போட்டா சென்ட்ரோசோம் ரெண்டும் பிரியாம நடுவுல மாட்டிக்கும், மைக்ரோடியூபியூல் எல்லாம் நட்சத்திரமா விரியும், குரோமோசோம் அதை சுத்தி வட்டமா நிக்கும். ஒரு தடவை அந்தப் படத்தை ஸ்கிரீன்ல பார்த்தீங்கன்னா ஈஜி5 என்ன பண்ணுதுன்னு அப்புறம் மறக்கவே மறக்காது. இதுல இன்னொரு வேடிக்கை, ஈஜி5ஐ தடுத்துட்டு கூடவே டைனீனையும் தடுத்தீங்கன்னா ரெண்டு துருவம் திரும்ப வந்துடும். தள்ளறதும் இழுக்கறதும் ஒண்ணுக்கொண்ணு ஈடு கட்டிட்டு இருக்கறது அப்போ தான் தெரியும். நெட் பேப்பர் பார்ட் சி-ல இதை கிராஃபா போட்டு கேக்க நல்ல வாய்ப்பு இருக்கு, பாத்துக்கோங்க.

உலகத்துல எல்லா ஜீவனுக்கும் இப்படித்தான்னு மட்டும் எழுதிடாதீங்க, சி.எலிகன்ஸ் புழு கைனசின்-5 இல்லாமலே சமாளிக்குது.

பழைய_வாத்தியார்:
தவளைமுட்டை சொன்னது சரிதான் அம்மா, ஆனா படிக்கற பிள்ளைங்க இதைக் கேட்டுட்டு 'சென்ட்ரோசோம் வேஸ்ட்'னு எழுதிட்டு வந்துடுவாங்க, அதனால குறுக்க வரேன். தவளை முட்டை ரொம்ப பெரிய செல், அங்க ரானோட ராஜ்ஜியம் தான். நம்ம உடம்புல சாதாரண செல்லுல சென்ட்ரோசோம் இருந்தா அதுதான் முந்திக்கும். மைட்டாசிஸ் ஆரம்பத்துலயே பிஎல்கே1, அரோரா ஏன்னு ரெண்டு கைனேஸும் சேர்ந்து அதை சுத்தி காமா டியூபியூலினை குவிச்சிடும், அங்கிருந்து மைக்ரோடியூபியூல் சரசரன்னு கிளம்பும்.

கிளம்பறது மட்டும் இல்ல, திரும்ப சுருங்கவும் செய்யும். 1984ல மிச்சிசனும் கிர்ஷ்னரும் காட்டினது, டைனமிக் இன்ஸ்டபிலிட்டி. வளர்ந்துட்டே இருக்கற மைக்ரோடியூபியூல் திடீர்னு உதிரும், திரும்ப வளரும். இன்டர்ஃபேஸ்ல ஒரு மைக்ரோடியூபியூல் சராசரியா 5-10 நிமிஷம் தாங்கும்னா மைட்டாசிஸ்ல பெரும்பாலானது ஒரு நிமிஷம் கூட தாங்காது. ஏன் இவ்ளோ வீணடிப்புன்னு கேட்டா, தேடறதுக்கு. ஒரு திசையில நீட்டிப் பார்த்து குரோமோசோம் கிடைக்கலன்னா மடங்கி வேற திசையில நீட்டணும், கிடைச்சா கைனட்டோகோர் பிடிச்சு நிலைப்படுத்திக்கும். 1986ல அவங்களே இதுக்கு தேடிப் பிடித்தல்னு ஒரு மாடல் போட்டாங்க. அப்புறம் கணக்கு போட்டுப் பார்த்தவங்க சொன்னாங்க, மனுஷ செல்லுல 92 கைனட்டோகோர் இருக்கு, வெறும் குருட்டுத்தனமா தேடினா மைட்டாசிஸ் நேரத்துக்குள்ள முடியாது, ரான் கிரேடியண்ட் அந்தப் பக்கமா வளர்ச்சியை சாய்ச்சு விட்டா தான் முடியும்னு. ஆக சென்ட்ரோசோம் வழியும் குரோமோசோம் வழியும் போட்டி இல்ல, ஒரே செல்லுல சேர்ந்தே ஓடுது.

அதே சமயம் சென்ட்ரோசோம் கட்டாயம்னும் சொல்ல முடியல. 2000ல பாலூட்டி செல்லுல சென்ட்ரோசோமை லேசரால சுட்டுப் பொசுக்கிட்டு பார்த்தாங்க, ஸ்பிண்டில் வந்துடுச்சு. 2006ல சென்ட்ரியோலே இல்லாத டிரோசோஃபிலா ஈயை வளர்த்தாங்க, முழு ஈயா வெளிய வந்துச்சு. வந்து கொஞ்ச நேரத்துல செத்துச்சு, அதுக்குக் காரணம் செல் பிரியாதது இல்ல. சென்ட்ரியோல் இல்லன்னா சீலியா (செல் மேல முடி மாதிரி நீட்டிட்டு இருக்கறது) இல்ல, சீலியா இல்லன்னா உணர்வு நரம்பு வேலை செய்யாது, ஈயால நிக்கக்கூட முடியல.

எங்க காலத்துல ஸ்பிண்டில்னு ஒண்ணு நிஜமாவே இருக்கா இல்ல ஸ்லைடு போடற கெமிக்கல் பண்ற கோலமான்னு சண்டை போட்ட கதையை எங்க வாத்தியார் சொல்லுவார். 1953ல ஷின்யா இனோயே தானே கட்டின போலரைசிங் மைக்ரோஸ்கோப்ல உயிரோட இருக்கற செல்லுலயே நாரைக் காட்டினதோட அந்த சண்டை முடிஞ்சுது.

தவளைமுட்டை:
ஐயா சொன்னதுக்கு நான் எதிர்ப்பு இல்ல, ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க, பெண்களோட கருமுட்டை! அங்க சென்ட்ரோசோம் கிடையாது, வளரும்போதே போயிடும். 2015ல மெலினா ஷூ லேப்ல மனுஷ முட்டையை நேரடியா மைக்ரோஸ்கோப்ல பார்த்தாங்க, ஸ்பிண்டில் கட்டி முடிக்க கிட்டத்தட்ட 16 மணி நேரம் ஆகுது, ரானை தடுத்தா கட்டறதே தடைப்படுது. கட்டிட்டு இருக்கும்போதே துருவம் பிரியும், சேரும், திரும்ப பிரியும். குரோமோசோம் எண்ணிக்கை தப்பற முட்டை மனுஷங்களுக்கு இவ்ளோ அதிகமா இருக்கறதுக்கு இது ஒரு காரணம். 2022ல அதே குரூப் இன்னொண்ணும் சொன்னாங்க, லேப்மேட் சொன்ன கைனசின்-14 குடும்பத்துல கேஐஎஃப்சி1ன்னு ஒண்ணு மத்த பாலூட்டி முட்டையில இருக்கு, மனுஷ முட்டையில பத்தல. வெளிய இருந்து அந்த புரோட்டீனை உள்ள விட்டா ஸ்பிண்டில் ஆட்டம் குறையுது. ஒரே ஒரு மோட்டார் குறைஞ்சா என்ன ஆகும்னு பாருங்க.

கேரியோடைப்_டெக்:
மூணாவது கேள்விக்கு, அதான் எல்லாம் ரெடின்னு யாரு பாக்கறாங்கங்கறதுக்கு, நான் வரேன், தினமும் அதை வெச்சு தான் சம்பளம் வாங்கறேன் 😀

நான் ஒரு சைட்டோஜெனடிக்ஸ் லேப்ல டெக்னீஷியன். ரத்தம் வரும், லிம்ஃபோசைட்டை 72 மணி நேரம் கல்ச்சர் பண்ணுவோம், கடைசியில கோல்செமிட்ங்கற மருந்தை விடுவோம், கொஞ்ச நேரம் கழிச்சு ஹைப்போடானிக்ல ஊற வெச்சு, பிக்ஸ் பண்ணி, ஸ்லைடு மேல கொஞ்சம் உயரத்துல இருந்து சொட்டு விடுவோம், குரோமோசோம் விரிஞ்சு விழும். கோல்செமிட் டியூபியூலினை பிடிச்சு ஸ்பிண்டிலை காலி பண்ணிடும், அதனால செல் மெட்டாஃபேஸ்லயே நிக்கும்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஸ்பிண்டில் இல்லன்னா செல் ஏன் நிக்கணும்? கண்டுக்காம அடுத்த கட்டத்துக்கு போயிடலாமே? நிக்குதுன்னா உள்ள ஒருத்தர் கேட்டை மூடி வெச்சிருக்கார்னு அர்த்தம். அதுதான் ஸ்பிண்டில் அசெம்ப்ளி செக்பாயிண்ட். எங்க டெஸ்ட்டே அதை நம்பித் தான் ஓடுது.

அந்த செக்பாயிண்ட் ஜீன்களை 1991ல ஈஸ்ட்ல பிடிச்சாங்க, ஒரே சமயத்துல ரெண்டு குரூப், ஒண்ணு மேட், இன்னொண்ணு பப். மைக்ரோடியூபியூலை உடைக்கற பெனோமில்னு ஒரு பூஞ்சைக்கொல்லியை போட்டா நார்மல் ஈஸ்ட் நின்னு காத்திருக்கும், மியூட்டண்ட் காத்திருக்காம பிரிஞ்சு குரோமோசோமை தாறுமாறா பங்கு போட்டுட்டு செத்துடும். (நம்ம ஊர்ல விதைநேர்த்திக்கு போடற கார்பன்டாசிம் இருக்கே, அது பெனோமில் உடைஞ்சு வர்ற பொருள் தான்.)

வேலை செய்யற விதம் இதுதான். மைக்ரோடியூபியூல் பிடிக்காத கைனட்டோகோர்ல எம்பிஎஸ்1 கைனேஸ் வந்து உக்காரும், அது அங்க இருக்கற கேஎன்எல்1ங்கற புரோட்டீன்ல பாஸ்பேட் போடும், அங்க பப் புரோட்டீன்கள் வரும், அதுங்க மேட்1-மேட்2 ஜோடியை கூட்டிட்டு வரும். அங்க இருக்கற மேட்2 மூடின வடிவத்துல இருக்கும், சுத்தி மிதக்கற திறந்த மேட்2வை எல்லாம் வடிவம் மாத்தி, ஏபிசியை முடுக்கற சிடிசி20ஐ பிடிக்க வைக்கும். மேட்2, பப்ஆர்1, பப்3, சிடிசி20 நாலும் சேர்ந்தா அது ஏபிசி காம்ப்ளெக்ஸை அமுக்கி வைக்கும். (ஏபிசின்னா அனாஃபேஸை தூண்டறது, கோலன் கேன்சர்ல வர்ற ஏபிசி ஜீன் வேற, எக்ஸாம்ல ரெண்டையும் கலந்து விட்டு ஆப்ஷன் குடுப்பாங்க.) ஏபிசி அமுங்கி இருக்கற வரை செக்யூரின் அழியாது, செக்யூரின் இருக்கற வரை செப்பரேஸ் வேலை செய்யாது, செப்பரேஸ் வெட்டாம கோஹீசின்ங்கற கட்டு விடாது, சிஸ்டர் குரோமாட்டிட் (ஒரே குரோமோசோமோட ரெண்டு நகல்) ஒட்டிட்டே இருக்கும். செல்லை மைட்டாசிஸ்ல பிடிச்சு வைக்கற சைக்ளின் பி-யும் அழியாது, அதனால செல் மைட்டாசிஸை விட்டு வெளிய வராது.

எல்லா கைனட்டோகோரும் மாட்டிக்கிட்டதும் டைனீன் மேட்1, மேட்2வை அங்கிருந்து வாரிட்டுப் போயிடும், கேட் திறக்கும். ஒரே ஒரு கைனட்டோகோர் பாக்கி இருந்தாலும் போதும், மொத்த செல்லும் காத்திருக்கும். 1995ல கோன்லி ரீடர் டீம் கடைசியா பாக்கி இருந்த ஒரு கைனட்டோகோரை லேசரால சுட்டாங்க, செல் கொஞ்ச நேரத்துலயே இனிமே தடை இல்லன்னு அனாஃபேஸுக்கு போயிடுச்சு. குரோமோசோம் மாட்டவே இல்ல, புகார் சொல்ற ஆளைத் தான் தீர்த்துட்டாங்க!

தாராபுரத்தான்:
நான் சயின்ஸ் ஆள் இல்லங்க, கோல்செமிட்னதும் எட்டிப் பாத்தேன். கோல்ச்சிசின் எடுக்கற கண்வலிக்கிழங்கு எங்க பக்கம் தான் காடு காடா போட்டிருக்காங்க, செங்காந்தள்ங்கறதும் அதே தான். காலையில பூப் பூவா கையால மகரந்தம் தொட்டு வெச்சாத் தான் காய் நல்லா பிடிக்கும், கூலியில பாதி அதுக்கே போயிடும். விதையை வியாபாரிங்க வாங்கிட்டு போறாங்க, விலை ஒரு வருஷம் இருந்தா மறு வருஷம் இல்ல. அந்த மருந்தா இந்த மருந்து?

கேரியோடைப்_டெக்:
ஆமாங்க, கோல்செமிட் கோல்ச்சிசினோட நெருங்கின சொந்தம், விஷம் கொஞ்சம் கம்மி. இன்னொண்ணு தெரியுமா, டியூபியூலின்னு ஒரு புரோட்டீன் இருக்கறதே 1967ல போரிசியும் டெய்லரும் கோல்ச்சிசின் செல்லுக்குள்ள எதைப் போய் பிடிக்குதுன்னு தேடினப்போ தான் தெரிஞ்சுது. கிழங்கை தொட்ட கையை கழுவாம சாப்பிடாதீங்க மட்டும்.

நெட்_இன்னொருமுறை:
மேட்2 வரைக்கும் புரிஞ்சுது, தேங்க்ஸ் டெக். கடைசி டவுட், அரோரா பி எங்க வருது? மாட்டினா கேட் திறக்கும்னா, தப்பா மாட்டினா? ரெண்டு சிஸ்டரும் ஒரே துருவத்துக்கு மாட்டிக்கிட்டா மாட்டின கணக்குல தானே வரும்?

தவளைமுட்டை:
அதுக்கு தான் அரோரா பி. கன்னுக்குட்டியை முளையில கட்டிட்டு கயித்தை ஒரு சுண்டு சுண்டி இழுத்துப் பாப்பாங்கல்ல, விறைப்பா நின்னா சரி, தொளதொளன்னு வந்தா அவுத்துட்டு திரும்ப கட்டுவாங்க, இங்கயும் விறைப்பை தான் பாக்குது. அரோரா பி சென்ட்ரோமியர்ல இருக்கும், தனியா இல்ல, இன்சென்ப், சர்வைவின், போரியலின்னு மூணு கூட்டாளி புரோட்டீனோட. சிஸ்டர் ரெண்டும் ஒரே பக்கம் மாட்டியிருந்தா விறைப்பு இல்ல, கைனட்டோகோர் அரோரா பி-க்கு கிட்டவே இருக்கும், அது என்டிசி80ல பாஸ்பேட் போடும், என்டிசி80 தான் மைக்ரோடியூபியூலை பிடிக்கற கை, பாஸ்பேட் ஏறினா பிடி விட்டுடும். சிஸ்டர் ரெண்டும் எதிரெதிர் துருவத்துக்கு மாட்டினா இழுவிசையில கைனட்டோகோர் விலகிப் போயிடும், அரோரா பி-க்கு எட்டாது, பாஸ்ஃபட்டேஸ்ங்கற என்சைம் வந்து பாஸ்பேட்டை எடுத்துடும், பிடி இறுகும். தப்பா மாட்டினதை அவுத்துட்டா அது மாட்டாத கைனட்டோகோர் ஆயிடும், அப்போ டெக் சொன்ன மேட்2 கதை திரும்ப ஓடும்.

விறைப்பு தான் விஷயம்னு முதல்ல காட்டினது புரூஸ் நிக்லஸ், 1969ல, வெட்டுக்கிளி செல்லுக்குள்ள கண்ணாடி ஊசியை விட்டு குரோமோசோமை இழுத்துப் பார்த்தார். 1995ல கும்பிடுபூச்சி செல்லுல, சரியா மாட்டாம செல்லையே நிறுத்தி வெச்சிருந்த எக்ஸ் குரோமோசோமை ஊசியால இழுத்துப் பிடிச்சாங்க, செல் ஏமாந்து அனாஃபேஸ் போயிடுச்சு.

கோவை_லேப்மேட்:
இதுலயும் தப்பிக்கற கேஸ் ஒண்ணு இருக்கு, அதையும் எழுதி வெச்சுக்கோங்க. ஒரே கைனட்டோகோரை ரெண்டு துருவமும் பிடிச்சா மெரோடெலிக். மாட்டியும் இருக்கு, விறைப்பும் ஓரளவு இருக்கு, அதனால செக்பாயிண்ட் கண்ணுல படாது, அரோரா பி சரி பண்ணலன்னா அனாஃபேஸ்ல குரோமோசோம் நடுவுல தொங்கிட்டு பின்தங்கும். கேன்சர் செல்லுல இப்படி பின்தங்கற குரோமோசோம் நிறைய பாக்கலாம்.

நெட்_இன்னொருமுறை:
சூப்பர், அப்போ அரோரா ஏ துருவம் பக்கம், அரோரா பி சென்ட்ரோமியர் பக்கம், ஏ-வுக்கு பார்ட்னர் டிபிஎக்ஸ்2, பி-க்கு பார்ட்னர் இன்சென்ப். கரெக்டா?

தவளைமுட்டை:
கரெக்ட். அனாஃபேஸ் ஆரம்பிச்சதும் பி அங்கிருந்து கிளம்பி ஸ்பிண்டில் நடுவுக்கு போயிடும், சைட்டோகைனசிஸுக்கு (செல்லே ரெண்டா பிரியறது). அதையும் சேர்த்து படிச்சுக்கோ.